சியனா பேராலயத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

இத்தாலியின் சியனா பேராலயத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முகப்பின் முன்னால் நின்று நாலு படம் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். முகப்பைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் ஒரு சதுக்கம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள். கூரையே இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கிற பெரிய வளைவுகளும், தூரத்தில் மொட்டையாக நிற்கிற ஒரு சுவரும் தெரியும். கட்டி முடிக்காமல் விட்ட புதிய பேராலயம் அது. 1339-ல் சியனாக்காரர்கள், இருந்த பேராலயத்தையே சிலுவை வடிவக் கட்டடத்தின் குறுக்குக் கையாக வைத்து அதைவிடப் பெரிதாக ஒன்றை எழுப்பத் தீர்மானித்தார்கள். 1348-ல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது, எழுப்பிய பகுதியிலும் கட்டுமானக் கோளாறுகள் தெரிந்தன, சில வருடங்களில் வேலையைக் கைவிட்டார்கள். நீங்கள் உள்ளே போய்ப் பார்க்கப்போகும் அவ்வளவு பெரிய கட்டடம் வெறும் குறுக்குக் கையாக மட்டும் இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும்.

அப்புறம் அருங்காட்சியகம். கைவிட்ட அந்தக் கட்டடத்தின் பக்கவாட்டுப் பகுதியில்தான் அது இருக்கிறது. 1311-ல் ஊரே ஊர்வலமாகப் பேராலயத்துக்குக் கொண்டுபோன, ஓவியர் துச்சோவின் மரியன்னை ஓவியமும், முகப்பிலிருந்து இறக்கிய, சிற்பி ஜொவான்னி பிசானோவின் அசல் சிலைகளும் இங்கேதான். அந்த மொட்டைச் சுவரின் உச்சிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டும் இங்கிருந்துதான், முழங்கால் ஒத்துழைத்தால் கட்டாயம் ஏறுங்கள்.

இப்போது பேராலயத்துக்குள் வரலாம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். தூண்களில் மாறி மாறி வரும் கறுப்பும் வெள்ளையும் சியனாவின் சின்னத்து நிறங்கள். குவிமாடத்துக்கு அடியில் நின்று மூலைகளை எண்ணுங்கள், ஆறு வரும். பக்கத்திலேயே நிக்கோலா பிசானோ 1265-க்கும் 1268-க்கும் இடையில் செதுக்கிய பிரசங்க மேடை. எல்லோரும் மேலே இருக்கும் சிற்பங்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தூண்களின் அடியைப் பாருங்கள், ஒரு பெண் சிங்கம் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்த மேடையில் மிகவும் பிடித்த இடம் அது.

தரைக்காகவே பயணத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பளிங்குச் சித்திரங்கள், பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிப் பல தலைமுறைக் கைகள் செய்த வேலை. ஆண்டின் பெரும்பகுதி பல சித்திரங்களை மூடி வைத்திருப்பார்கள். முழுவதும் திறந்து வைப்பது வழக்கமாகக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள்தான், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பழைய சித்திரங்களில் வெள்ளைப் பளிங்கில் உளியால் கோடு கீறி அதில் கறுப்புக் கலவையை நிரப்பியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பெக்காஃபூமி கைவைத்த இடங்களில் வெவ்வேறு சாயல் பளிங்குகளையே வெட்டிப் பதித்திருப்பதால், உடம்பில் விழும் நிழல்கூடக் கல்லாலேயே ஆகியிருக்கும். கயிறு கட்டிய இடத்தருகே உட்கார்ந்து, ஒரு முகத்தை மட்டுமாவது நிதானமாகப் பாருங்கள்.