சிவப்புச் சாறு கசியும் சிறு காளான்: அடையாளம் காண்பது எப்படி?

காட்டில் மட்கிய கட்டைகள் மேல் முளைக்கும் பழுப்பு நிறக் குட்டிக் காளான்களை இனம் பிரிப்பது, பல ஆண்டுகள் பழகியவர்களுக்கே பெரும்பாடு. புதிதாகக் கற்கிறவர்கள் மைசீனா ஹெமடோபஸ் என்ற இனத்திலிருந்து தொடங்கலாம். அதன் தண்டை ஒடித்தால் கருஞ்சிவப்புச் சாறு கசியும். இந்த விளக்கம் அடையாளம் காண்பதற்கு மட்டுமே, உண்பதற்கு அல்ல.

1. முதலில் இடம்

பார்த்தவுடன் பறித்துவிடாதீர்கள், பாதி அடையாளம் அது முளைத்த இடத்தில்தான் இருக்கிறது. இது அகன்ற இலை மரங்களின் நன்கு மட்கிய கட்டைகளில் கொத்துக் கொத்தாக வளரும். மண்ணிலிருந்து முளைத்தது போலத் தெரிந்தால், விரலால் மெல்லக் கிளறுங்கள். அடியில் மரத்துண்டு புதைந்திருக்கக்கூடும்.

2. தொப்பி

மணி வடிவம், 1 முதல் 4 செ.மீ. அகலம். நடுவில் செம்பழுப்பு, ஓரம் போகப் போக வெளிறும். நிறத்தை அதிகம் நம்ப வேண்டாம். நனைந்த தொப்பியும் காய்ந்த தொப்பியும் வெவ்வேறு இனம் போலவே தோன்றும். அதைவிட, லென்ஸ் வைத்து விளிம்பைப் பாருங்கள். அடியில் மெல்லிய தகடுகளாக உள்ள செவுள்களையும் தாண்டி ஒரு மெல்லிய சவ்வு நீண்டு, சிறு சிறு வளைவுகளாக வெட்டுப்பட்டிருக்கும். பலர் பார்க்காமலே விட்டுவிடுகிற அழகு இது.

3. தண்டை ஒடியுங்கள்

தண்டு 1 முதல் 3 மி.மீ. பருமன்தான், உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும். அடிப்பக்கத்தில் ஒடித்தால் முறிந்த இடத்தில் சிவப்புச் சொட்டு திரண்டு விரலில் கறை படியும். முதிர்ந்தவற்றிலும் வறண்டவற்றிலும் சாறு வற்றிப்போயிருக்கும். ஒன்றை ஒடித்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாமல், அதே கொத்தில் இளசாக இன்னொன்றையும் ஒடித்துப் பாருங்கள்.

சாறு வந்துவிட்டது என்பதாலேயே பெயரை எழுதிவிடவும் கூடாது. மைசீனா சாங்குயினொலென்டாவுக்கும் சிவப்புச் சாறு உண்டு. அது இன்னும் சிறியது. சருகிலும் பாசியிலும் உதிர்ந்த ஊசியிலைகளிலும் முளைக்கும். அதன் செவுள்களின் ஓரத்தில் செந்நிறக் கோடு ஓடும். ஹெமடோபஸில் பொதுவாக அந்தக் கோடு இருக்காது.

4. வித்துத்தூள்

வித்துத்தூள் என்பது செவுள்களிலிருந்து உதிரும் நுண்ணிய வித்துகள். அதன் நிறத்தைப் பார்க்க, தொப்பியை மட்டும் நறுக்கி, செவுள்கள் கீழே இருக்கும்படி, பாதி கறுப்பு பாதி வெள்ளைக் காகிதத்தின் மேல் வையுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் கறுப்புப் பாதியில் வெள்ளைத் தூள் படிந்திருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறமாக இருந்தால் இது வேறு காளான். கட்டையில் வளரும் கேலரினா மார்ஜினாட்டாவின் தூள் அந்த நிறம்தான். அதில் கல்லீரலைச் சிதைக்கும் அமடாக்சின் நஞ்சு இருக்கிறது. தின்றால் உயிரே போகலாம். இந்தப் படியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சில நேரம் தொப்பி மேல் மயிர் மயிராக நிமிர்ந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி இருக்கும். அது புதிய இனம் அல்ல, ஸ்பைனெல்லஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை. படம் எடுத்து, அதையும் உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.