ரீபவுண்ட் எடுக்கப் பழகுவது எப்படி? புதிதாகக் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துப் பள்ளி மைதானங்களில் மாலை ஆட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் ஷாட் எடுத்ததும் மற்ற எல்லோரும் அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரிங்கில் பட்டுத் தெறித்த பந்து நெட்டையானவர் கைக்குப் போய்விடும். அப்படித் தெறிக்கிற பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். "நமக்கு உயரம் போதாது" என்று மற்றவர்கள் மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ரிங் இருப்பது 3.05 மீட்டர் உயரத்தில். தெறித்த பந்துகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான் பிடிபடுகின்றன. அங்கே உயரத்தைவிட, நிற்கிற இடம்தான் முக்கியம்.

முதல் படி: பந்தை விட்டுவிட்டு ஆளைத் தேடுங்கள்

ஷாட் கிளம்பியதும் "ஷாட்!" என்று உரக்கச் சொல்லுங்கள். உடனே உங்கள் ஆள், அதாவது நீங்கள் தடுக்க வேண்டிய எதிரணி ஆட்டக்காரர், எங்கே என்று பாருங்கள். அவரை நோக்கி ஒரு எட்டு வைத்து, முன்கையை மடக்கி அவர் உடலில் லேசாகப் படவிடுங்கள். அந்தத் தொடுதலிலிருந்தே ஒரு காலை ஊன்றித் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இதுதான் பாக்ஸ் அவுட்.

திரும்பியதும் கால்களைத் தோள் அகலத்துக்கு மேல் விரித்து, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பைத் தாழ்த்துங்கள். முழங்கால் மடங்காமல் விறைப்பாக நின்றால், பின்னால் இருப்பவர் கொஞ்சம் நெருக்கினாலே ரிங்குக்கு நேர் அடியில் போய்விடுவீர்கள். அங்கே நிற்பவருக்குக் கிடைப்பது வலையைத் தாண்டி விழுகிற பந்து மட்டும்தான். முழங்கைகள் தோள் மட்டத்தில் இருக்கட்டும், உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருக்கட்டும். பின்னால் இருப்பவர் எந்தப் பக்கம் நழுவுகிறார் என்பதை முதுகே சொல்லும். சின்னச் சின்ன அடியாக அந்தப் பக்கமே நகருங்கள். கையால் பிடித்து நிறுத்தினாலும், பின்பக்கமாக இடித்துத் தள்ளினாலும் ஃபவுல்.

இங்கே ஒரு பள்ளியில் ஆடுகிற சிறுமி, எதிரணிப் பெண்ணின் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். ஷாட் போன நொடியில் அவள் மேலே பார்ப்பதில்லை. அந்த நெட்டைப் பெண்ணின் முன்னால் புகுந்து, இடுப்பைத் தாழ்த்தி வழியை அடைத்துவிடுவாள். பந்து தரையில் ஒரு முறை குதித்த பிறகுகூடச் சாவகாசமாக அதை எடுப்பாள். எடுக்க வேறு யாரும் அருகில் வந்திருக்க மாட்டார்கள்.

இதைப் பழக மைதானத்தின் நடு வட்டமே போதும். மையத்தில் பந்தை வைத்துவிட்டு ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நில்லுங்கள். வெளியே இருப்பவர் ஐந்து வினாடிகளுக்குள் பந்தைத் தொட வேண்டும். உள்ளே இருப்பவர் முதுகாலேயே தடுக்க வேண்டும். தினமும் ஆட்டத்துக்கு முன் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாப் பயிற்சிகளையும்விட நான் இதைத்தான் பெரிதாக மதிக்கிறேன்.

இரண்டாம் படி: எங்கே விழும்?

மூலையிலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். தூரத்து ஷாட் தூரமாகத் தெறிக்கும். டென்னிஸ் ராட்மேன் 1991-92 முதல் 1997-98 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வின் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம் பிடித்தவர். நண்பர்களைப் பந்து எறியச் சொல்லி, அது எந்தக் கோணத்தில் தெறிக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பழகியவர் அவர்.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு: காற்று. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசுகிற காற்று, திறந்தவெளி மைதானத்தில் உயர வளைத்து எறிந்த பந்தைக் கிழக்கே தள்ளிவிடும். அந்த நாட்களில் கிழக்குப் பக்கம் ஒரு எட்டு கூடுதலாகத் தள்ளி நில்லுங்கள்.

மூன்றாம் படி: எம்பிப் பிடிப்பது

இரண்டு கைகளாலும், எம்பலின் உச்சியில் பிடியுங்கள். பிடித்ததும் பந்தைத் தாடைக்குக் கீழே இழுத்து, முழங்கைகளை அகட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீசாதீர்கள். தனியாக இருந்தால் பந்தைப் போர்டில் எறிந்து, எம்பிப் பிடித்துப் பழகலாம். சிமெண்ட் தளத்தில் ஒரே மூச்சில் நிறையக் குதிக்க வேண்டாம், முழங்கால் தாங்காது.

நான்காம் படி: இறங்கிய பிறகு

இரு கால்களிலும் சேர்ந்து இறங்குங்கள். கூட்டத்துக்குள் பந்தைத் தட்டாதீர்கள். கார்டு (guard) இடத்தில் ஆடுகிற குள்ளமானவர்கள் காத்திருந்து பறித்துவிடுவார்கள். மைதானத்தின் பக்கவாட்டுக் கோட்டின் பக்கமாகத் திரும்பி, அங்கே ஓடி வருகிற தோழருக்குப் பாஸ் கொடுங்கள்.

நீங்கள் தாக்கும் அணியாக இருந்தால், ஒரு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி மறுபக்கம் நுழையுங்கள். ரிங்கில் பட்ட பந்தை உங்கள் அணியே மீண்டும் பிடித்தால், சர்வதேச விதிப்படி அடுத்த ஷாட்டை எடுக்கப் புதிதாக 14 வினாடிகள் கிடைக்கும். அவசரப்பட்டு எறிய வேண்டியதில்லை.

ஃபவுலுக்காக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோவில், ரிங்குக்கு மிக அருகில் உள்ள இரண்டு இடங்களும் தடுக்கும் அணிக்கே உரியவை. பந்து எறிபவரின் கையை விட்டுக் கிளம்பும் வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. எறிபவரை யார் மறித்து நிற்பது என்பதை வரிசையில் நிற்கும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். பலமுறை பந்து திரும்ப அவர் கைக்கே போய்ச் சேர்வது அவரை யாரும் மறிக்காததால்தான்.