டீப் பர்ப்பிளின் மேடைப் பதிவுகளைக் கிதார் கலைஞர்களின் வழியே கேட்கும் முறை

டீப் பர்ப்பிள் இசைக்குழு 1968இல் இங்கிலாந்தில் தொடங்கியதிலிருந்து அதன் மேடைகளில் முக்கியமாக ஐந்து கிதார் கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். அவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர், ஸ்டுடியோ ஆல்பங்களை ஒதுக்கிவைத்து, ஒரே பாடலைப் பல சுற்றுப்பயணப் பதிவுகளில் தொடர்ந்து கேட்பதே சிறந்த வழி. அதற்கு 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாடலைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதன் தொடக்க மெட்டு அனைவருக்கும் பழக்கமானது என்பதால், ஒருவர் அதில் செய்யும் சிறு மாற்றமும் உடனே காதில் படும்.

முதலில் 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். 1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவிலும் 17ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு அது. குழுவின் முதல் கிதார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் அந்தத் தொடக்க மெட்டைப் பிக் (தந்தியைத் தட்டும் சிறு தகடு) இல்லாமல், இரண்டு தந்திகளை விரல்களால் ஒருசேரச் சுண்டி வாசிப்பார். முதல் முறை கிதாரை மட்டும் பின்தொடருங்கள்; இரண்டாம் முறை ஜான் லார்டு வாசிக்கும் ஆர்கன் என்ற விசைப்பலகைக் கருவியை மட்டும் கேளுங்கள். இந்த இரண்டாம் முறையைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் கிதார் கலைஞர் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தின் பாரத்தை முதலில் தாங்குவது ஆர்கன்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று அதே புடோகானில் 1975 டிசம்பர் 15 அன்று பதிவானது. பிளாக்மோர் அவ்வாண்டு விலகியபின் வந்த டாமி போலினின் இடது கை அன்று பெருமளவு செயலிழந்திருந்ததால், கிதார் ஏற்க வேண்டிய பகுதிகள் பலவற்றை லார்டே ஆர்கனில் நிரப்புகிறார். அப்போது பாடகர் டேவிட் கவர்டேல் என்பதால், குரல் மாறியதைக் கிதாரின் மாற்றமாக எண்ணிக் குழம்ப வேண்டாம். இந்த ஒரு பதிவை மட்டும் வைத்துப் போலினை எடைபோடுவது பெரும் அநீதி. 1976 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் அவர் வாசித்ததையும் கட்டாயம் கேளுங்கள். அவருடைய உண்மையான துள்ளல் அங்கேதான் வெளிப்படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் 25 வயதில் அவர் இறந்தார்.

1984இல் குழு மீண்டும் கூடியபோது பிளாக்மோர் திரும்பினார். 1993 நவம்பரில் ஹெல்சிங்கி கச்சேரியோடு சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். எஞ்சிய ஜப்பான் கச்சேரிகளையும் அடுத்த ஆண்டின் ஐரோப்பியப் பயணத்தையும் ஜோ சாட்ரியானி நிறைவுசெய்தார்.

அடுத்து, 1996 ஜூனில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பதிவானதைக் கேளுங்கள். 1994இல் சேர்ந்த ஸ்டீவ் மோர்ஸ், பிளாக்மோரின் மெட்டுகளை மதித்து வாசித்தாலும், தனி வாசிப்பில் ஒவ்வொரு சுரத்தையும் பிக்கால் தனித்தனியே தட்டி விரைந்து செல்வார். பிளாக்மோர் இடைவெளி விட்டுக் காத்திருக்கும் இடங்களில் இவர் தொடர்ந்து ஓடுவதைக் கவனிக்கலாம். ஏறத்தாழ 28 ஆண்டுகள் வாசித்த மோர்ஸ், மனைவியின் நோய் காரணமாக 2022இல் விலகினார். அவரிடத்துக்கு வந்த வட அயர்லாந்தின் சைமன் மெக்பிரைடைக் கேட்கும்போது, ஆர்கனில் இருப்பவர் லார்டு அல்லர், 2002 முதல் அவருடைய இடத்தில் வாசிக்கும் டான் ஏரி என்பதை மனத்தில் கொண்டு, மறுபடியும் இரண்டு முறை கேளுங்கள்.