சாம்பியனிடம் ஸ்லாலம் ஸ்கீ கற்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஸ்லாலம் என்றால் போட் இழுக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் மேல் ஸ்கீ பலகையில் வளைந்து வளைந்து போகிற விளையாட்டு. முட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய் நாலு வருஷம் ஒரு ஸ்கீ கிளப்பில் போட் ஓட்டினேன். வருஷத்துக்கு ஒரு தடவை சாம்பியன் ஒருத்தர் பயிற்சி கொடுக்க வருவார். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் ஸ்கீயில் வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் நேராகப் பார்த்து ஓட்டியபடி அவர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது ஊரில்தான் இருக்கிறேன். குளச்சல், கடியபட்டினம் பக்கத்திலிருந்து அங்கே வேலைக்குப் போய் இந்த விளையாட்டில் ஆசை பிடித்த பையன்கள், "அண்ணே, பணம் கட்டிட்டேன், அங்க போய் என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். என்ன செய்யக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

முதல் தவறு, வந்ததும் கெத்து காட்டுவது. ஸ்லாலம் பாதை 259 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு போயா (மிதவைப் பந்து) மிதக்கும், ஒற்றை ஸ்கீயில் மாறி மாறி அத்தனையையும் சுற்றி வர வேண்டும். ஆண்களுக்கு போட்டின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த வேகத்தில் ஆறையும் முடித்துவிட்டால் அடுத்து வேகத்தைக் கூட்ட மாட்டார்கள், கயிற்றைக் குறைப்பார்கள்: 18.25 மீட்டர், 16, 14.25, 13, 12 என்று. 11.25க்கு வந்ததும் கயிறே போயாவை எட்டாது, மிச்சத்தை உங்கள் உடம்புதான் எட்ட வேண்டும். அமெரிக்காவின் நேட் ஸ்மித் 2013இல் 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை போயா எடுத்து உலக சாதனை வைத்தார். இந்த மாதிரி ஆட்களோடு மோதுகிற ஒருத்தரிடம் போய், போன மாதம் ஒரே ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் எடுத்த கணக்கைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவர் என் பக்கம் திரும்பி, வேகம் "49" என்பார். பின்னால் தண்ணீரில் கிடக்கிறவன் முகம் சுருங்கிவிடும். ஒருத்தர் பிடிவாதமாக 58தான் வேண்டும் என்று கேட்டு, முதல் நாள் முழுக்க மூன்றாவது போயாவிலேயே விழுந்தார். பத்தில் எட்டு தடவை எந்த வேகத்தில் ஆறையும் முடிக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள், போதும்.

அடுத்தது, விழுந்த இடத்திலேயே தவறைத் தேடுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த பயிற்சியில் பாதி நேரம் இதிலேயே போனது. நாலாவது போயா தப்பியதும் பையன் "நாலாவதில் திரும்பும்போது முட்டியை மடக்கலையோ?" என்று கேட்பான், அவரோ நாலாவதைப் பற்றிப் பேசவே மாட்டார், கேட்டைப் பற்றியே பேசுவார். நுழைவாயிலாக இரண்டு போயா இருக்கிறதே, அதுதான் கேட். அதற்கு முன்பு இடது பக்கம் நன்றாக அகலமாக ஒதுங்கிப் போய், சரியான நேரத்தில் உள்ளே திரும்ப வேண்டும். அகலம் போதாவிட்டால் வேகம் வராது, வராத வேகத்துக்காக போட் பின்னால் கிளப்பும் அலையைத் தாண்டியும் இழுத்துக்கொண்டே போவீர்கள், ஸ்கீ நேராக முதல் போயாவின் மேலேயே போய் நிற்கும், அதைத் தாண்டித்தான் திரும்ப முடியும், அதற்குள் கயிறு தொய்ந்து, பிறகு ஒரே சுண்டாகச் சுண்டும். 58 வேகத்தில் ஒரு போயாவிலிருந்து அடுத்ததற்கு போட் போகிற தூரம் 41 மீட்டர், சுமார் இரண்டரை வினாடி. முதலில் அரை வினாடி கடன் வாங்கினால் அது கந்துவட்டி போல ஏறி நாலாவதில் வந்து கழுத்தைப் பிடிக்கும். அதனால் அவர் ஒரு நாள் முழுக்கக் கேட்டையே செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

கையால் இழுப்பது நம்ம கடற்கரைப் பையன்களுக்கென்றே உள்ள தவறு. தோளில் பலம் இருக்கிறது, வலை இழுத்த கை, அதனால் போட் இழுக்கும்போது முழங்கையை மடக்கி எதிர்த்து இழுப்பார்கள். மடக்கினால் தோள் முன்னால் சாயும், இடுப்பு பின்னால் போகும், பாரம் ஸ்கீக்குப் போகாது. சாம்பியன் நூறு தடவை "கை நீட்டு, கைப்பிடி இடுப்போடு இருக்கட்டும்" என்று சொல்லியும் புரியாத எனக்கு, லீவில் வந்து கரையில் நின்று கரமடி வலை இழுப்பதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. வயசான மாமாக்கள் யாராவது கையை மடக்கி இழுக்கிறார்களா? கை நீண்டே இருக்கும், குதிகாலை மணலில் ஊன்றி உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு அடியாகப் பின்னே வைப்பார்கள். அந்தச் சாய்வுதான் வேண்டும். தென்னையில் கயிறு கட்டி, நுனியில் ஒரு கட்டையைப் பிடித்துச் சாய்ந்து பாருங்கள், பாரம் காலில் இறங்குவது தெரியும். பயிற்சிக்குப் போகும் முன்பு ஒரு மாதம் இதைச் செய்துவிட்டுப் போனால் முதல் இரண்டு நாள் கட்டணம் மிச்சம்.

எல்லாவற்றுக்கும் "ஓகே சார்" என்று தலையாட்டுவது நம்ம ஊர் மரியாதை. புரியாமல் ஆட்டினால் அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். புரியவில்லை என்றால் போட்டில் ஏறி நின்று செய்து காட்டச் சொல்லுங்கள், கோபப்பட மாட்டார். அவர் நாலு குறை சொன்னாலும் ஒரு ஓட்டத்துக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்து இறங்குங்கள்.

பயிற்சி வாரத்தில் புது ஸ்கீ, புது பைண்டிங் (ஸ்கீயில் காலை மாட்டும் பிடி) வேண்டாம். ஸ்கீயின் அடியில் இருக்கும் ஃபின் என்கிற தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஸ்கீயின் குணம் மாறிவிடும், தவறு உங்களுடையதா ஸ்கீயுடையதா என்று அவராலும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை இறங்கினால் தாராளம். கட்டிய பணம் வசூலாகட்டும் என்று ஐந்தாவது தடவை இறங்கியவருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து, மறுநாள் இருந்து வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. அப்புறம், விழப் போகிறோம் என்று தெரிந்தால் கைப்பிடியை விட்டுவிடுங்கள், கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள்.

கடைசியாக, ஊருக்கு வந்ததும் மாமாவின் வள்ளத்தில் கயிறு கட்டி முயற்சி செய்கிற யோசனை. 9.9 குதிரைசக்தி இன்ஜின் உங்களை ஒற்றை ஸ்கீயில் தண்ணீரை விட்டே எழுப்பாது. எழுப்புகிற பெரிய இன்ஜின் கிடைத்தாலும் நம்ம கடலில் அலை, பாறை, யாரோ விரித்த வலை எல்லாம் இருக்கிறது, ஸ்லாலமுக்கோ கண்ணாடி போன்ற தண்ணீர் வேண்டும். பேச்சிப்பாறை அணை கண்ணாடி போலத்தான் கிடக்கிறது, ஆனால் அது பாசனத் தண்ணீர், அனுமதி இல்லாமல் போட்டை இறக்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் இருக்கும்வரை தென்னை மரம்தான்.