ஓடும்போது பாட்டுக் கேட்க: சின்ன பிளேயர் வாங்க முன்

டச்சு விரிகுடாக் கரையில் காலையில் ஓடுபவருக்குத் தொடுதிரை சரிவராது. வேர்வை விரல் பட்டுப் பாட்டு தானாக மாறும். அமுக்கும் பொத்தானும் இறுக்கமான கிளிப்பும் உள்ளதாய், 30 கிராமுக்குள் தேடுங்கள். கடையிலேயே சட்டை ஓரத்தில் மாட்டி நாலு தரம் குதித்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடற்கரை ஊரில் பிளேயரைக் கெடுப்பது பெரும்பாலும் உப்புதான். பெட்டியில் நீர் தாங்கும் தரத்தைக் காட்டும் ஐ.பி.எக்ஸ் எண்ணைப் பாருங்கள். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் செய்வது, அதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, சார்ஜ் துளை முழுக்கக் காய்ந்த பிறகே வயரைச் செருகுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் உள்ளேயுள்ள ஊசிகள் பச்சை பிடித்து அரித்துப்போகும்.

கொள்ளளவு 4 ஜிபி தாராளம்: 128 கேபிபிஎஸ் தரத்தில் பதிந்த எம்பி3 பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பிதான். 64 ஜிபி மெமரி கார்டைப் பல மலிவு பிளேயர்கள் வாசிக்காது. அது எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருவதே காரணம்.

புளூடூத் விட்டுவிட்டுக் கேட்டால் உடம்புதான் அலையை மறிக்கிறது. இடுப்பிலிருந்து தோள்பட்டைக்கு மாற்றிக் கொழுவுங்கள். வீதியில் ஓடுவோர் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், ஓட்டோ ஹோர்ன் கேட்க வேண்டும்.