பழைய பைக்கைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான்

ஜோகன்னஸ்பர்க்கில் வாங்கிய 1956 பி.எஸ்.ஏ. பி31 என்ற பழைய பிரிட்டிஷ் பைக்கை ஒரு பக்கியில் கட்டி டர்பனுக்குக் கொண்டுவந்தேன். (தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றால் பிக்கப் வண்டி. திருச்சியில் யாரையும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.) விற்றவர் வீட்டு வாசலில் இரண்டாவது உதையிலேயே கிளம்பிய வண்டி அது. வந்த மூன்றாம் நாள், பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் முக்கால்வாசி ஏறியபோது பின்சக்கரம் கிறீச்சென்று இறுகி நின்றது. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

ஏமாந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இந்த வண்டிகளோடே வாழ்ந்து வயதான மாமா ஒருவர் இருக்கிறார். இங்கேயே பிறந்தவர், கொள்ளுத்தாத்தா காலத்துத் தமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். எலும்பு மாதிரி வெளுத்திருந்தது. "தம்பி, மேட்டு ஊரு ஜெட்டை வெச்சுக்கிட்டு கடலோரத்துல முறுக்கியிருக்கே" என்றார்.

இந்த நாட்டில் பழைய பைக் வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: வண்டி எந்த உயரத்தில் வாழ்ந்தது என்று கேட்காமல் ஓட்டுவது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றுக்கு ஏற்றபடி அங்குள்ளவர்கள் கார்புரேட்டரில் சின்ன மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) போட்டிருப்பார்கள். அதே ஜெட்டோடு கீழே வந்தால் காற்று நிறைய, பெட்ரோல் குறைவு. கலவை வறண்டு, எஞ்சின் கொதித்து, என் கதைதான் நடக்கும். டர்பன் வண்டி மேலே போனால் கறுப்புப் புகை விடும், இழுவை குறையும், பிளக்கில் கரி அப்பும். மானம் போகும், பிஸ்டன் போகாது. கீழே இறங்கும் வண்டியைப் பற்றித்தான் பயப்பட வேண்டும்.

1913 முதல் 1936 வரை இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. இன்றும் அதன் நினைவாக நடக்கும் ஓட்டத்தில் 1936க்குள் தயாரான வண்டிகளுக்குத்தான் அனுமதி. ஒரே பயணத்துக்குள் இவ்வளவு உயர மாற்றத்தை அந்தக் கார்புரேட்டர்கள் எப்படித்தான் சமாளித்தனவோ!

இந்த வண்டிகளில் இருக்கும் அமால் கம்பெனி கார்புரேட்டரின் ஜெட் மேல் பொறித்திருக்கும் எண், நிமிடத்துக்கு எத்தனை கன சென்டிமீட்டர் பெட்ரோல் அதன் வழியே போகும் என்பதைச் சொல்வது. கழற்றிப் பார்த்து, உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது வீண். ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கியபின் அந்த ஸ்க்ரூவின் பேச்சை எஞ்சின் கேட்பதில்லை.

அதே கார்புரேட்டரைக் கெடுக்க இன்னொரு வழியும் உண்டு. எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறது என்று நட்டுகளை மூச்சுப் பிடித்து முடுக்குவது. அதன் உடல் மென்மையான துத்தநாகக் கலவை. ஓரங்கள் வளைந்து நடுவில் இடைவெளி விழும், கசிவு இன்னும் கூடும், உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் சிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டும் வேகம் குறையாத அனுபவத்தை எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

பெட்ரோலைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். மேட்டுப் பகுதியில் 93 ஆக்டேன், கடலோரத்தில் 95 என்பது வழக்கம். பி31 போன்ற குறைந்த கம்ப்ரெஷன் (6.5:1) எஞ்சினுக்கு எதுவும் போதும். 2006-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதிலிருந்து வால்வு சீட் (வால்வு வந்து உட்காரும் வளையம்) தேய்ந்துவிடும் என்று பயந்து எஞ்சினைப் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே போனால்தான் அந்தச் சந்தேகமே வர வேண்டும். வேறு வேலைக்காக ஹெட்டைத் திறக்கும்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம், இதற்காகவே திறக்காதீர்கள்.

ஆயில் அப்படி அல்ல. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் ஆயில் தனி டேங்கில் இருக்கும். மாதக்கணக்கில் நிறுத்தினால் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து எஞ்சினின் அடிவயிற்றில் தேங்கிவிடும். டேங்கைத் திறந்து பார்க்கிறோம், பாதிதான் இருக்கிறது, ஆயில் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றுகிறோம். பிறகு உதைத்தால் தெருவே மறையும் புகை, கிடைத்த ஓட்டையிலெல்லாம் ஆயில். நானும் ஊற்றியவன்தான். முதலில் அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். கசிவை நிறுத்த ஆயில் குழாயில் திறந்து மூடும் ஒரு சின்ன வால்வு வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அதைத் திறக்க மறந்து ஒரே ஒரு நாள் ஓட்டினால் போதும், எஞ்சினின் கதை முடிந்தது. மாமா அதைக் கைதொடவும் விடமாட்டார். கிளம்பியதும் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பி வரும் ஆயில் உள்ளே துப்புகிறதா என்று பார்க்க மட்டும் பழக்கியிருக்கிறார்.

அடுத்தது ஸ்பேனர். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறோம். இந்த வண்டிகளின் நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குலக் கணக்கு; ஸ்பேனரில் உள்ள எண் போல்ட்டின் தடிமன், வாயின் அகலம் அல்ல. அந்தக் கணக்கில் கால் அங்குல ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. 13 ஏறாது, 14 ஆடும். ஆடும் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். அப்புறம் உளி, சுத்தியல். எழுபது வருடம் தாங்கிய நட்டு பத்து நிமிடத்தில் பாழ். 18 மி.மீ. மட்டும் எப்படியோ 3/8 விட்வொர்த்துக்குச் சரியாக உட்காரும். அந்த ஒரு பொருத்தத்தைப் பார்த்துத்தான் மற்றதும் பொருந்தும் என்று ஏமாறுகிறோம். மரையும் வேறு. அங்குலத்துக்கு 26 சுற்று உள்ள சைக்கிள் மரையில் மெட்ரிக் போல்ட்டைப் பலவந்தமாக ஏற்றினால், வண்டிக்கும் மரை கழலும், உங்களுக்கும் கழலும்.

ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். எழுபதுகளின் ஹோண்டா, யமஹாவில் பிளஸ் வடிவ ஸ்க்ரூவின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜப்பானிய அளவு. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதன் ஆழத்துக்குப் போய் உட்காராமல் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இதற்கான ஸ்க்ரூடிரைவர் தனியாகக் கிடைக்கிறது.

சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். உடனே கார்புரேட்டரைப் பிரிப்பார்கள். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி) உள்ள வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதன் உள்ளே சுழலும் கண்டென்சரையும் சுருளையும்தான். சூட்டில் அவை தளரும், ஆறினால் தேறும். பாயிண்ட் இடைவெளி 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு) இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பின்தான் மற்றதைத் தொட வேண்டும். பேட்டரி மாட்டும்போதும் கவனம் வேண்டும். ஐம்பதுகளின் பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் ஃப்ரேமோடு சேரும். பழக்கதோஷத்தில் நெகட்டிவைக் கொடுத்தால், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ரெக்டிஃபையர் போய்விடும்.

டர்பன் கடற்காற்றில் குரோம் பூத்துவிடும். அதற்காக அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். சக்கர பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸை விரட்டிவிடும். ஈரத்துணியும் பொறுமையும் போதும்.

பிரேக் டிரம்மைத் திறந்து கம்ப்ரெசர் காற்றால் தூசு ஊதுவதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அதன் சுரங்கங்கள் இருந்த வட கேப்பின் ப்ரீஸ்காவிலும் குருமனிலும் எத்தனை நுரையீரல்கள் நாசமாயின என்பது இந்த நாடு அறிந்த கதை. 2008-இல் கல்நாரைத் தடை செய்தார்கள். மாமாவின் பட்டறைச் சட்டம்: டிரம்மை நனைத்துத் துடை, துணியைப் பையில் கட்டித் தனியே போடு, ஊதாதே.

எஞ்சின், ஃப்ரேம் எண்களைத் தேய்த்து மெருகேற்றுவதும் வேண்டாம். அழகாக இருக்கும். ஆனால் அழிந்த எண்ணோடு போலீஸ் சான்றிதழுக்குப் போய் நின்றால் நீங்கள் திருடன் இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

புது பிஸ்டன் போட்டு, கடலோரத்துக்கான ஜெட் மாற்றி, வண்டி தயாரானது. மாமி கற்பூரம் காட்டி, இரண்டு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தேன். டயரில் ஒட்டிய சக்கையைத் துடைக்கும்போதுதான் பக்கவாட்டில் இருந்த தேதிக் குறி கண்ணில் பட்டது. 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயரில் மூன்றே இலக்கம். போன நூற்றாண்டின் ரப்பர். பட்டன் மேடு அழகாக இருந்ததால் குனிந்து பார்க்கவே தோன்றவில்லை. விரித்துப் பார்த்தால் வரிக்கு வரி வெடிப்பு. பிஸ்டன் இறுகிய அன்று ஃபீல்ட்ஸ் ஹில்லில் என்னைச் சாய விடாமல் பிடித்து நிறுத்தியதும் இதே டயர்தான்.