ரக்பி பின்வரிசை வீரர்களின் தடுப்பாட்டத்தை எடைபோடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பொங்கல் நாட்களில் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் கபடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரக்பியின் தடுப்பாட்டம் எளிதில் பிடிபடும். ரெய்டர் உள்ளே வரும்வரை காத்திருந்து கணுக்காலைப் பிடிக்கும் கார்னர்காரர் ஒரு வகை. ரெய்டர் வேகம் எடுப்பதற்குள் முன்னால் பாய்ந்து மறிக்கும் அட்வான்ஸ் டேக்கிள்காரர் இன்னொரு வகை. பின்னவர் அடிக்கடி ஏமாறுவார். ஆனாலும் அவர் இருக்கும் பக்கம் போக ரெய்டர் தயங்குவார். ஒரு நாட்டு அணியில் இன்னார் இருக்க வேண்டும், இன்னார் கூடாது என்று வாதிடுவோர் பெரும்பாலும் டேக்கிள் சதவீதம், அதாவது பந்து வைத்திருப்பவரைத் தடுக்க முயன்றதில் எத்தனை முறை பிடித்தார் என்ற கணக்கு, ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்த எண், இந்த இரண்டு வகையினரையும் ஒரே தராசில் நிறுத்திவிடுகிறது. ஒரு கட்டம் போட்ட நோட்டும் பேனாவும் இருந்தால் அதைவிட நியாயமாக எடைபோடலாம்.

முதலில், யாரை யாரோடு ஒப்பிடலாம் என்பதில் தெளிவு வேண்டும். பதினைந்து பேர் ஆடும் ரக்பியில் 1 முதல் 8 வரை எண் அணிந்தவர்கள் முன்வரிசையினர். 9 முதல் 15 வரை பின்வரிசையினர். 9 ஸ்க்ரம்-ஹாஃப், 10 ஃபிளை-ஹாஃப், 12 உள் சென்டர், 13 வெளி சென்டர், 11-ம் 14-ம் விங், 15 ஃபுல்பேக். முன்வரிசையினர் நெருக்கத்தில், பக்கத்தில் இருவர் துணை நிற்க டேக்கிள் செய்கிறார்கள். பின்வரிசையினர் திறந்த வெளியில், முழு வேகத்தில் வருபவரைத் தனியாகச் சந்திக்கிறார்கள். எனவே இவர்கள் சதவீதம் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. பின்வரிசைக்குள்ளும் 13-ஐ 13-ஓடுதான் ஒப்பிட வேண்டும். விங் ஆட்டக்காரரின் எண்ணை வைத்து சென்டரை மட்டம் தட்டுவது முறையல்ல.

இரண்டாவதாக, நோட்டில் ஒரு வீரருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஐந்து பத்திகள் போடுங்கள்: நிமிடம், டேக்கிள் பிடித்ததா தவறியதா, கெயின் லைனுக்கு முன்பா பின்பா, எதிராளி யார், அடுத்து என்ன நடந்தது. கெயின் லைன் என்பது பந்து கடைசியாக ஆட்டத்துக்கு வந்த இடத்தில் மைதானத்தின் குறுக்கே ஓடுவதாக நாம் எண்ணிக்கொள்ளும் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டவிடாமல் பிடித்தால் தாக்கும் அணி பின்வாங்கியபடி ஆட வேண்டியிருக்கும். தாண்டிய பிறகு பிடித்தால் டேக்கிள் கணக்கில் ஏறும், இடம் போய்விடும்.

ஐந்தாவது பத்தியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 13 எண் அணியும் இருவர். முதலாமவர் நாற்பது முயற்சிகளில் 36-ஐப் பிடித்திருக்கிறார், 90 சதவீதம். இரண்டாமவர் நாற்பதில் 32, 80 சதவீதம். இத்தோடு நோட்டை மூடினால் முதலாமவருக்கே சட்டை. ஆனால், முதலாமவர் பிடித்த 36-இல் 25 கெயின் லைனைத் தாண்டிய பிறகு நடந்தவை. தவறிய நான்கில் மூன்று, எதிரணி வரிசையை உடைத்துக்கொண்டு ஓடுவதில் முடிந்தன. இரண்டாமவர் பிடித்த 32-இல் 20 கோட்டுக்கு முன்பே நடந்தவை; தவறிய எட்டில் ஆறு முறை, அவர் முன்னால் பாய்ந்ததால் பந்து வைத்திருந்தவர் உள்பக்கம் திரும்ப நேர்ந்து, அங்கே காத்திருந்த 12-இன் கையில் மாட்டிக்கொண்டார். என்னைக் கேட்டால் இரண்டாமவரைத்தான் எடுப்பேன். ஆனால் அந்த அணி முன்பாயும் 'பிளிட்ஸ்' முறையில் தடுக்கிறதா, எதிரணியைப் பக்கக் கோட்டை நோக்கி மெல்லத் தள்ளும் 'ட்ரிஃப்ட்' முறையில் தடுக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே அந்த முடிவைச் சொல்வேன். ட்ரிஃப்ட் முறையில் ஒருவர் மட்டும் தனியே பாய்ந்தால் அவருக்குப் பக்கத்தில் கதவு திறந்துவிடும்.

எதிராளி யார் என்ற நான்காவது பத்தி ஏன் என்பதற்கு 1995 உலகக் கோப்பை அரையிறுதியே போதும். இங்கிலாந்துக்கு எதிராக நியூசிலாந்தின் ஜோனா லோமு நான்கு ட்ரைகள் (எதிரணியின் ட்ரை கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது) போட்டார். ஃபுல்பேக் மைக் கேட் மீது ஏறி மிதித்தபடியே ஓடியது அவற்றில் ஒன்று. அன்று தவறிய டேக்கிளையும், சாதாரண விங் ஆட்டக்காரரிடம் தவறும் டேக்கிளையும் ஒரே கோடாகக் கிழிப்பது கணக்கே அல்ல. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1994-இல் சிட்னியில், நியூசிலாந்தின் ஜெஃப் வில்சன் ட்ரை கோட்டில் விழப்போகும் நொடியில் ஆஸ்திரேலியாவின் ஸ்க்ரம்-ஹாஃப் ஜார்ஜ் கிரேகன் பாய்ந்து மோதியதில் பந்து கைநழுவியது. ஆஸ்திரேலியா 20-16 என வென்றது. புள்ளிப்பட்டியலில் அதுவும் வெறும் ஒரு டேக்கிள்தான்.

மூன்றாவது படி, டேக்கிளே இல்லாத தடுப்பாட்டத்தைப் பார்ப்பது. நானே சறுக்கிய இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன், கட்டாந்தரையில் விழுந்தால் தோல் உரியும் என்பதால் பாலாற்று மணலில் பயிற்சி கொடுத்து, கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஓர் அணி சேர்த்தோம். மூன்று ஆட்டங்களில் ஒரு டேக்கிள்கூடத் தவறவிடாத ஒரு பையனை விங்கில் வைத்தேன். நோட்டைப் பிறகு புரட்டியபோதுதான் மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து அவன் செய்ததே இரண்டு டேக்கிள் என்பது கண்ணில் பட்டது. எதிரணியினர் அவன் தலைக்கு மேல் பந்தை உதைத்து, பின்னால் இருந்த வெற்றிடத்தில் நிதானமாக ஓடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வராத டேக்கிள் தவறுவதில்லை.

பின்களம் ஊஞ்சல் போல இயங்க வேண்டும்: பந்து வலப்பக்கம் போனால் அந்தப் பக்க விங் முன்னேற, ஃபுல்பேக் அவர் விட்ட இடத்துக்கு நகர, இடப்பக்க விங் பின்னே இறங்க வேண்டும். தொலைக்காட்சி பெரும்பாலும் பந்தையே துரத்துவதால் இது எளிதில் தெரியாது. எதிரணி உதைக்கும் கணத்தில் படத்தை நிறுத்தி, மூவரும் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒழுங்குக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். தோளுக்கு மேல் பிடிப்பது குற்றம். மஞ்சள் அட்டை கிடைத்தால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தென்னாப்பிரிக்காவின் விங் செஸ்லின் கோல்பே எதிரணியின் பாஸை வேண்டுமென்றே தட்டிவிட்டதாக மஞ்சள் அட்டை பெற்று, பார்க்க மனமின்றிச் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணி 12-11 எனத் தப்பியது. முன்பாயும் விங்கிடம் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் அதே கோல்பேதான் காலிறுதியில் பிரான்ஸின் கன்வெர்ஷன் உதையை (ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைப்பது) ஓடிவந்து மறித்தார். இரண்டு புள்ளிகள் போயின, பிரான்ஸ் 29-28 எனத் தோற்றது. அந்த மறிப்பும் டேக்கிள் கணக்கில் வராது.

நான்காவது படி, ஃபார்ம். கடைசி ஐந்து ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அண்மைய இரண்டுக்கு இரட்டை மதிப்புக் கொடுங்கள். பாதியில் இறங்கியவரை முழு ஆட்டம் ஆடியவரோடு ஒப்பிட, டேக்கிள்களை நிமிடத்தால் வகுத்து எண்பதால் பெருக்கினால் போதும். 55 நிமிடத்தில் 6 என்றால் முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 8.7. பத்து நிமிடம் மட்டும் ஆடியவருக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். விடை வேடிக்கையாக வரும்.

கடைசியாக, தனித்தனியாகத் தேறியவர்களைச் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். 2011, 2015 என அடுத்தடுத்து உலகக் கோப்பை வென்ற நியூசிலாந்து அணிகளில் மா நோனுவும் கான்ராட் ஸ்மித்தும் சென்டர் ஜோடி; ஒருவர் எப்போது பாய்வார் என்பது மற்றவருக்குப் பேசாமலே தெரியும். இப்படிப் பழகிய ஜோடியில் ஒருவரை, சற்றுக் கூடுதல் சதவீதம் உள்ள புதியவருக்காகப் பிரிக்க நான் தயங்குவேன். மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேரில் பின்வரிசைக்கு வழக்கமாக மூன்று இடமே கிடைக்கும். 2023 இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு இடம்தான் கொடுத்தது. ஆகவே பெஞ்சுக்கு ஆள் எடுக்கும்போது ஒரே இடத்தில் மிகச் சிறந்தவரைவிட, 10-லும் 15-லும் ஓரளவு நன்றாகத் தடுப்பவரே பயன்படுவார்.

பயிற்சிக்கு, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் ஐரோப்பாவின் சிக்ஸ் நேஷன்ஸ் தொடர் வசதியானது. சனிக்கிழமை ஆட்டங்கள் பல நம் நேரப்படி ஏறக்குறைய இரவு 7.45-க்கும் 10.15-க்கும் தொடங்குவதால், காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வேலை முடிந்து வீடு திரும்பியவரும் முதல் ஆட்டத்தையாவது முழுதாகப் பார்க்கலாம். முதல் வாரம் ஒரு அணியின் 13-ஐ மட்டும் பின்தொடருங்கள். அடுத்த ஆட்டத்துக்கான அணிப்பட்டியல் வெளிவருவதற்கு முன்பே உங்கள் தேர்வை நோட்டில் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். தேர்வாளர்கள் வேறொருவரை எடுத்தால் உங்கள் பெயரை அடிக்காமல், அவர்கள் பெயரைப் பக்கத்திலேயே எழுதி, அந்த ஆட்டத்தில் அவருக்கும் ஐந்து பத்திகளை நிரப்புங்கள்.